இலுப்பைக்கடவைக் கரையும் ஒரு சொல்லின் வரலாறும்

மன்னாரிலிருந்து பூநகரிக்குச் செல்லும் கரையோரச் சாலையில், விடத்தல்தீவைக் கடந்து வடக்கே சென்றால் இலுப்பைக்கடவை என்னும் சிற்றூர் வரும். மேற்கே பாக்கு நீரிணையின் ஆழங்குறைந்த கடல். கிழக்கே வயல்களும் குளங்களும், அவற்றுக்கு அப்பால் வன்னிக் காடும். இலுப்பை மரமும் கடவையும் சேர்ந்து அவ்வூருக்குப் பெயராயின. கடவை என்பது கடந்து செல்லும் வழி. போவாரும் வருவாரும் கால்வைக்கும் இடத்தையே தமிழர் அச்சொல்லாற் குறித்தனர். மன்னார்க் கரையின் நெடிய வரலாற்றுக்கு இதனினும் பொருத்தமான பெயர் கிடைப்பது அரிது.

ஏனெனில் இக்கரை எக்காலத்தும் பிறர் வந்திறங்கிய கரை. இலுப்பைக்கடவைக்குத் தெற்கே மாதோட்டம் என்னும் பழந்துறைமுகம் இருந்தது; சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம் அத்துறையை அடுத்தே நிற்கின்றது. இன்னும் தெற்கே அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டிக் கரைகளில் முத்துச்சலாபம் நடந்த காலங்களில் எதிர்க்கரையிலிருந்து முத்துக்குளிப்போரும் வணிகரும் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தனர். 1905ஆம் ஆண்டுச் சலாபம் அவற்றுள் மிகப் பெரியவற்றில் ஒன்று. அவர்களை வரவழைத்ததே அரசாங்கந்தான். சலாபம் தொடங்கும் நாளை முன்கூட்டியே விளம்பரம் செய்து, அவர்களுக்கெனக் கொட்டகைகளும் சந்தைகளும் அமைத்து வைத்தது. அவர்கள் ஏறிவந்த மரக்கலத்துக்குத் தோணி என்பதே பெயர். அப்பெயருக்கு முன்னால் அடைமொழி எதுவும் இருந்ததில்லை.

அடைமொழி இருபதாம் நூற்றாண்டின் நடுவில் வந்தது. 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம், இலங்கைக்குள் வருவோரும் வெளியேறுவோரும் அனுமதிச்சீட்டுப் பெறவேண்டும் என விதித்தது. கடல் மாறவில்லை; பாய்விரித்த தோணியும் மாறவில்லை; பருவக் காற்றும் முன்போலவே வீசிற்று. ஆயினும் நேற்றுவரை தோணியாக இருந்தது இன்று கள்ளத்தோணி ஆயிற்று. களவு மரக்கலத்தில் இல்லை, அதனை நோக்கிய சட்டத்தின் கண்ணில் இருந்தது. கடத்தல் நடக்கவேயில்லை என்று சொல்வதற்கில்லை. சேலைகளும் பீடியிலையும் இரவில் வந்திறங்கின. வேலை தேடியும் உறவினரைத் தேடியும் மனிதரும் வந்தனர். 1952இல் இதனைத் தடுக்க இராணுவமும் கடற்படையும் கரைக்காவலில் ஏவப்பட்டன. 1963இல் சட்டவிரோதக் குடிவரவைத் தடுப்பதற்கென்றே தனிப்படை ஒன்று அமைக்கப்பட்டது. வடமேற்குக் கரையின் மீன்பிடி ஊர்களெல்லாம் காவலர் கண்ணில் ஐயத்துக்குரிய மணற்பரப்பாயின.

இவ்வளவோடு நின்றிருந்தால் அச்சொல் சுங்க இலாகாவின் ஏட்டிலும் மீனவர் பேச்சிலும் இருந்து மறைந்திருக்கும். அது நிற்கவில்லை. படகைக் குறித்த சொல் படகில் வந்த மனிதனைக் குறிக்கலாயிற்று. பின்னர், படகையே கண்டிராத மனிதனைக் குறிக்கலாயிற்று. தமிழ்க் கரையிற் பிறந்த சொல், மொழிபெயர்க்கப்படாமல் அப்படியே சிங்களப் பேச்சிற் புகுந்து, மத்திய மலைநாட்டின் தேயிலைத் தோட்டங்களிற் பிறந்து வளர்ந்த பத்து இலட்சம் மக்கள்மீது வசையாக விழுந்தது. அது எவ்வாறு நேர்ந்தது என்பதை அறிய, அம்மக்களின் பாட்டனார் இக்கரையில் வந்திறங்கிய காலத்துக்குச் செல்லவேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கண்டிச் சீமையின் காடுகள் வெட்டப்பட்டுக் கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. அவற்றுக்கு வேண்டிய ஆட்கள் இராமநாதபுரம், மதுரை, திருச்சிராப்பள்ளி, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து கொண்டுவரப்பட்டனர். தோணியேறித் தலைமன்னாரிலும் அரிப்பிலும் இறங்கி, அங்கிருந்து காட்டு வழியே மதவாச்சி, தம்புள்ளை கடந்து மாத்தளைவரை நடந்தே சென்றனர். குடிதண்ணீர் அரிது, கொள்ளைநோய் மலிவு. காலராவாலும் காய்ச்சலாலும் மாண்டு அவ்வழியிலேயே புதைக்கப்பட்டோர் ஆயிரக்கணக்கானோர். அவ்வழி அரசாங்கத்தின் வழி. அதிற் சென்றவர்களைத் தோட்டத்துரைமார் கூவி அழைத்தனர். கங்காணிமார் முன்பணம் கொடுத்துக் கூட்டிவந்தனர். அவர்கள் வருகையிற் கள்ளத்தனம் என்பதற்கு இடமே இல்லை.

ஆனால் வசை வேறு வடிவில் அப்போதே தொடங்கிவிட்டது. அதன் பெயர் கூலி.

கூலி என்பது உழைப்புக்குக் கிடைக்கும் ஊதியம். திருவள்ளுவர் ஆள்வினையுடைமை என்னும் அதிகாரத்தில் இச்சொல்லை முயற்சியின் பயன் என்ற உயர்ந்த பொருளில் ஆண்டிருக்கின்றார். ஆங்கிலத்தில் வழங்கும் சொல் தமிழிலிருந்து சென்றது என்பாரும், குசராத்து நாட்டுக் கோலி என்னும் மக்கட் பெயரிலிருந்து சென்றது என்பாரும் உளர். எங்கிருந்து சென்றதாயினும், தமிழர்மீது அது திரும்பி வந்தபோது பொருள் தலைகீழாகிவிட்டது. மனிதன் பெறும் பொருளின் பெயர் மனிதனுக்கே பெயராயிற்று. ஊதியம் பெறும் துரையை எவரும் சம்பளம் என்று அழைத்ததில்லை.

தோட்டத்தின் பேச்சு மொழி தனியாக ஆராயத்தக்கது. இளம் வெள்ளைக்காரத் துரைமார் தமிழ் கற்றுக்கொள்வதற்கென்று கொழும்பிலே கையடக்க நூல்கள் அச்சாயின. அவற்றுள் ஒன்றின் தலைப்பு ‘இங்கே வா’ என்பது. 1915இல் வந்த மற்றொன்றின் தலைப்பு, தமிழிற் சொன்னால், ‘கூலித் தமிழ்’. தலைப்புகளே போதும். தமிழில் ஒருவனை வா எனலாம், வாரும் எனலாம், வாருங்கள் எனலாம். மூன்றுக்கும் மூன்று உறவுகள் உண்டு. துரைமார் கற்ற தமிழுக்கு முதல் வாசல் ‘வா’ ஒன்றே. மறுபக்கத்தில் தொழிலாளி துரை என்றும் துரைசாணி என்றும் பெரியகங்காணி என்றும் பணிந்து சொல்லவேண்டும். கட்டளை ஒரு திசையிலும் பணிவு மறுதிசையிலும் செல்லுமாறு ஒரு மொழியைக் குறுக்கி வைத்திருந்தனர். இலக்கணம் அறியாமையால் நேர்ந்த குறை இது என்று கொள்வது பேதைமை. தமிழின் மரியாதைப் பன்மையை அறிந்து கொள்வதற்கு ஆறு மாதப் பயிற்சி வேண்டியதில்லை.

பேர் என்ற சொல்லுக்கும் தோட்டத்தில் புதுப்பொருள் உண்டாயிற்று. ஒருநாள் வேலை செய்தால் கணக்கேட்டில் ஒரு பேர் விழும். குறித்த அளவு கொழுந்து பறிக்காவிட்டால் அரைப்பேர். தாயும் தந்தையும் ஆசையோடு இட்ட பெயர் ஒரு நாட்சம்பளத்தின் அளவைக்குப் பெயராகி, அதையும் பாதியாக வெட்டும் அதிகாரம் கணக்கப்பிள்ளையின் பேனாவுக்குக் கிடைத்தது. துண்டு என்பது மற்றொன்று. தொழிலாளியின் கடன் தொகையைக் குறித்த சிறு கடிதம் அது. அதைப் பெற்றாலன்றி அவன் வேறு தோட்டத்துக்குப் போகமுடியாது. 1921இல் சட்டத்தால் அது ஒழிக்கப்படும்வரை, ஒரு குடும்பத்தின் விலையே அத்துண்டில் எழுதப்பட்டிருந்தது எனலாம். 1901ஆம் ஆண்டளவில் தொடங்கிய மற்றொரு முறையில், கடல் கடந்து வருவோரின் கழுத்தில் தோட்டத்தின் எழுத்தும் எண்ணும் பொறித்த தகர வில்லை தொங்கவிடப்பட்டது. எந்தத் தோட்டத்துக்கு எந்த ஆள் என்பதை அவனைக் கேளாமலே தெரிந்துகொள்வதற்கு அது வழி.

இவ்வழக்கம் இலங்கைக்கு மட்டும் உரியதன்று. தென்னாப்பிரிக்காவின் நேத்தாலில் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற இந்தியரையும் வெள்ளையர் கூலிகள் என்றே அழைத்தனர். 1893இல் அங்குச் சென்ற காந்தியடிகள் கூலி வக்கீல் எனப்பட்டதைத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கின்றார். தமிழ்ப் பெயர்களின் ஈற்றில் வரும் சாமி என்பதையும் இந்தியர் அனைவருக்கும் இழிபெயராக வெள்ளையர் வழங்கினர். சாமி என்றால் எசமான் என்று பொருள், நான் உமக்கு எசமான் அல்லேன் என்று நகைச்சுவையோடு மறுமொழி சொன்ன இந்தியரும் அங்கிருந்தனர் என்று அடிகளே குறிக்கின்றார். அந்நகைப்பில் ஓர் அரசியல் உண்டு. சொல்லின் பொருளை அறிந்தவன் யார் என்ற கேள்வியை அது எழுப்பிற்று.

இலங்கையில் அக்கேள்வியை எழுப்பியவர் கோ. நடேசய்யர். தஞ்சையிலிருந்து வந்து 1920களில் பத்திரிகை நடத்திய இவர், 1931இல் தோட்டத் தொழிலாளருக்கென முதற் சங்கத்தை நிறுவினார். அதன் பெயரிலேயே கூலி என்பது போய்த் தொழிலாளர் என்பது ஏறியது. அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையார் கூட்டங்களிற் பாட்டுப் பாடித் தொழிலாளரைத் திரட்டினார். ஆனால் அச்சங்கத்தின் பெயரில் இந்திய என்ற சொல்லும் இருந்தது. அக்காலத்தில் அது பெருமைக்குரிய சொல். பின்னால் அதுவே ஒரு கண்ணியாயிற்று.

இந்தியத் தமிழர் என்ற பெயர் எவ்வாறு வந்தது என்பதும் கருதத்தக்கது. 1911ஆம் ஆண்டுக் குடிமதிப்பிலேதான் தமிழர் இலங்கைத் தமிழர் என்றும் இந்தியத் தமிழர் என்றும் முதன்முறையாக இரு நிரல்களிற் பிரிக்கப்பட்டனர். அதுவரை ஓரினமாக எண்ணப்பட்டோர் எழுதுவினைஞரின் கோட்டினால் இரண்டாயினர். குடிமதிப்புத் தாளில் இட்ட கோடு கணக்கு வசதிக்கு இட்ட கோடுதான். ஆனால் அரசாங்கம் ஒருமுறை கோடிட்டால் அதன்மேற் சுவர் எழுப்புவதற்குப் பின்வருவோர் தயங்குவதில்லை.

1928இல் டொனமூர் ஆணைக்குழுவின் அறிக்கை சர்வசன வாக்குரிமையைப் பரிந்துரைத்தபோது, தோட்டத் தமிழருக்கு வாக்குரிமை அளித்தால் அவர்கள் கண்டி நாட்டை மூழ்கடித்துவிடுவர் என்ற பேச்சு சட்டசபையில் எழுந்தது. மூழ்கடித்தல் வெள்ளத்துக்கு உரிய வினை. வெள்ளத்துக்கு முகமில்லை, பெயரில்லை, வயதில்லை. வெள்ளம் வந்தால் அதனோடு பேசிப்பார்ப்பதில்லை, அணை கட்டுவதே வழக்கம். ஒரு மக்களைப் பற்றிய விவாதத்தில் அவ்வுருவகத்தை ஏற்றுக்கொண்ட அளவில், அவர்களுக்கும் உரிமை உண்டு என்று வாதிடுவோர் அணையை உடைப்பவராகத் தோன்றலாயினர். 1931இல் வாக்குரிமை வந்தது. தோட்டத் தமிழருக்கு மட்டும் நிலையான பற்றுடையோர் என்று நிரூபிக்கும் பொறுப்போடு வந்தது. பற்றினை அளக்கும் கோல் எதுவென்று எவரும் கூறவில்லை.

சுதந்திரம் பெற்ற ஆண்டிலேயே சுவர் எழுந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வம்சாவளிக் குடிகள், பதிவுக் குடிகள் என இருவகை வகுத்தது. நாட்டிற் பிறந்தால் மட்டும் போதாது. தந்தையும் இங்கே பிறந்திருக்கவேண்டும். இல்லையேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்கவேண்டும். சட்டத்தின் எந்த வரியிலும் தமிழர் என்ற சொல் இல்லை. இனத்தின் பெயரைச் சொல்லாமலே இனத்தைப் பிரிக்கும் கலையில் அது தேர்ந்த சட்டம். பிறப்புப் பதிவு ஒழுங்காக நடைபெறாத காலத்திற் பிறந்த பாட்டனுக்குச் சான்றிதழ் கேட்டால், எவரிடம் இராது என்பது கேட்டவருக்குத் தெரியும். ஊரிலே காணியும் உறவும் உடையவரை நோக்கி எவரும் அச்சான்றிதழைக் கேட்கப்போவதில்லை என்பதும் தெரியும். அடுத்த ஆண்டு இந்திய பாகித்தானிய வாசிகள் குடியுரிமைச் சட்டம் வந்தது. அதன்கீழ்ச் சுமார் 8 இலட்சம் பேர் விண்ணப்பித்தனர்; ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே ஏற்கப்பட்டனர். இடையறாத வாசம் என்ற சொற்றொடர் பலரை வீழ்த்திற்று. தங்கையின் திருமணத்துக்கு ஒருமுறை ஊர் சென்று வந்தவன் வாசத்தை அறுத்தவனானான். 1947இல் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் உறுப்பினர் சிலர் பாராளுமன்றம் சென்றனர். 1952இல் ஒருவருமில்லை.

இந்த இடத்திலேதான் மன்னார்க் கரையின் சொல் மலையேறியது. ஒரு மனிதனைக் குடியல்லாதவன் என்று சொல்வதற்குச் சட்டம் போதும். அவன் குடியல்லாதது நியாயமே என்று பொதுமக்களை நம்பவைப்பதற்குச் சட்டம் போதாது, சொல் வேண்டும். நூறாண்டுகள் தேயிலை நட்டு நாட்டின் பெருஞ்செல்வத்தை ஈட்டிக் கொடுத்தவன் உரிமை இழந்தான் என்றால் கேட்பவர் நெஞ்சு உறுத்தும். கள்ளத்தோணி வெளியேறவேண்டும் என்றால் உறுத்தாது. அரசு பறித்த உரிமை என்பது மறைந்து, அவன் திருடிய இடம் என்பது முன்னே வந்துவிடுகின்றது. பறித்தவர் காவலராகவும் பறிகொடுத்தவர் கள்வராகவும் ஒரே சொல்லில் இடம் மாறினர்.

அவ்வசையை மறுக்க முயன்றோரும் அதன் வலையிற் சிக்கினர். நாங்கள் கள்ளத்தோணிகள் அல்லர், சட்டப்படி வந்தவர்கள் என்று மேடைகளில் முழங்கியபோது, வந்தவர் என்ற நிலையை அவர்களே ஒப்புக்கொண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் எங்கிருந்தும் வந்தவரல்லர். தோட்டத்து லயத்திற் பிறந்தவர்கள். ஆயினும் கேள்வி வருகையைப் பற்றியதாக அமைந்துவிட்டமையால் விடையும் வருகையைப் பற்றியதாயிற்று. எவன் கேள்வியின் சொற்களைத் தெரிந்தெடுக்கின்றானோ அவன் பாதி வழக்கை வென்றுவிடுகின்றான் என்பதை வழக்காடுவோர் அறிவர்.

1954 சனவரியில் தில்லியில் நேருவும் சர் யோன் கொத்தலாவலையும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் இவ்விடர் உச்சநிலை எய்தியது. வாக்காளர் பட்டியலிற் பெயரில்லாத வயதுவந்தோரை இலங்கை அரசு பதிவுசெய்யும். அப்பதிவு முடிந்தபின், பதியப்படாத ஒருவரின் தாய்மொழி இந்திய மொழியாக இருக்குமானால், மாறாக நிரூபிக்கப்படும்வரை அவர் இந்தியாவிலிருந்து களவாக வந்தவர் என்றே கொள்ளப்படுவார். இதுவே அவ்விதியின் கருத்து.

ஒருகணம் இலுப்பைக்கடவையை நினைத்துக்கொண்டு இவ்விதியைப் படிக்கவேண்டும். இரவில் எதிர்க்கரையிலிருந்து வந்திறங்கும் வேலைதேடியின் தாய்மொழி தமிழ். விடியலில் அதே கரையில் வலை உலர்த்தும் மீனவனின் தாய்மொழியும் தமிழ். அவன் முன்னோர் சுந்தரர் பாடிய காலத்திலிருந்து பேசிவந்த மொழி அது. அந்த மொழியை இலங்கையின் மொழி என்று கூறாமல் இந்திய மொழி என்று இரு நாடுகளின் பிரதமரும் கையொப்பமிட்ட ஏட்டில் எழுதியபோது, மீனவனின் நாவும் எல்லையின் அப்புறத்தில் வைக்கப்பட்டது. பட்டியலிற் பெயருள்ளவரை அவ்விதி தீண்டவில்லை என்பது உண்மை. ஆனால் பெயர் விடுபட்ட சிங்களவன் வெறும் பெயர் விடுபட்டவன். பெயர் விடுபட்ட தமிழனோ கள்ளன். வாயைத் திறந்து, நான் கள்ளனல்லேன் என்று அவன் சொல்லும் சொல்லே அவனுக்கு எதிரான சாட்சியாகும். ஒப்பந்தம் விரைவிலேயே கருத்துவேறுபாட்டால் செயலிழந்தது. அதனாற் பலர் தப்பினர். அவ்வாக்கியத்தை எழுதிய மனப்பாங்கு செயலிழக்கவில்லை.

இதற்குச் சிங்கள அரசியலாரை மட்டும் குறைகூறிச் செல்வது நேர்மையாகாது. யாழ்ப்பாணத்தாரின் பேச்சில் வடக்கத்தியான் என்ற சொல்லும் தோட்டக்காட்டான் என்ற சொல்லும் வழங்கின. தோட்டம் என்றால் உழைப்பு; காடு என்றால் நாகரிகமின்மை. உழைத்த இடத்தையே இழிவாக்கி ஒரு மக்களுக்குப் பெயராகச் சூட்டியவர்களும் தமிழரே. குடியுரிமைச் சட்டங்களைப் பற்றிய பிளவிலிருந்து விலகி 1949 திசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கிய சா. யோ. வே. செல்வநாயகம், இன்று மலைநாட்டாருக்கு நேர்ந்தது நாளை ஏனைத் தமிழருக்கும் நேரும் என்று எச்சரித்தார். சொற்களின் வரலாற்றில் அவ்வெச்சரிக்கை அப்படியே பலித்தது. பிற்காலக் கலவரங்களில் கள்ளத்தோணி என்ற வசை ஊர் கேட்டு வீசப்படவில்லை. தமிழ் பேசிய அனைவர்மீதும் வீசப்பட்டது.

1964 ஒக்டோபர் 30ஆம் நாள் சிறீமா–சாத்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவும் 3 இலட்சம் பேரை இலங்கையும் ஏற்கும் என்று முடிவாயிற்று. மீதி 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. பங்கிடப்பட்டோரிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை. ஒப்பந்தத்தின் சொற்கள் கணக்கரின் சொற்கள். இனிப் பிறக்கப்போகும் குழந்தைகளுக்கு அதில் இயற்கை அதிகரிப்பு என்று பெயர். இந்தியாவை ஒருநாளும் கண்டிராத சிறுவனைக் கப்பலேற்றி அனுப்புவதற்குத் தாயகம் திரும்புதல் என்று பெயர். பிறந்த மண்ணை விட்டுப் போவதைத் திரும்புதல் என்று சொல்ல வல்லது அரசாங்கமொழி ஒன்றே.

மக்கள் தம் சொல்லை வேறாகச் சொன்னார்கள். மலைநாட்டிலிருந்து அவர்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிச்சென்ற புகைவண்டிக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பெயரிட்டனர். வண்டியின் சன்னல்களிலும் மேடையிலும் எழுந்த அழுகையை அறிந்தவர்களுக்கு அப்பெயரின் பொருத்தம் விளங்கும். பாட்டன் நடந்து வந்த அதே வழியே, அதே கரைக்கு, பேரன் அழுதுகொண்டு திரும்பினான். அக்கரையில் இறங்கியதும் அவனுக்கு மற்றொரு பெயர் காத்திருந்தது. இலங்கையில் இந்தியாக்காரன் எனப்பட்டவன் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் சிலோன்காரன் ஆனான். இருகரையிலும் அவனுக்கு மறுகரையே பெயராயிற்று.

பெயரைத் தாமே சூட்டிக்கொள்ளும் முயற்சி 1960களில் வலுப்பெற்றது. அட்டன் ஐலன்சு கல்லூரி ஆசிரியர் இர. சிவலிங்கம் முதலானோரும், அவரைச் சூழ்ந்த மாணவரும் எழுத்தாளரும், இந்திய என்பதையும் தோட்ட என்பதையும் விலக்கி மலையகம் என்ற சொல்லை வழக்குக்குக் கொண்டுவந்தனர். அது ஊரைக் குறிக்கும் சொல், வருகையைக் குறிப்பதன்று. 1947இல் தலவாக்கலையின் பாராளுமன்ற உறுப்பினராயிருந்த சி. வி. வேலுப்பிள்ளை, உரிமை பறிக்கப்பட்ட தம் மக்களின் வரலாற்றுக்கு நாடற்றவர் கதை என்று பெயரிட்டார். நாடற்றவர் என்பது சட்டத்தின் சொல். கதை என்பதைச் சேர்த்ததும் அது எண்ணிக்கையிலிருந்து மனிதரிடம் வந்தது.

1986, 1988, 2003 ஆகிய ஆண்டுகளில் இயற்றப்பட்ட சட்டங்களால் இலங்கையில் எஞ்சியிருந்த நாடற்றோர் குடிகளாயினர். 2003ஆம் ஆண்டுச் சட்டமும் தன் தலைப்பில் இந்திய வம்சாவளியினர் என்றே அவர்களைக் குறித்தது. 55 ஆண்டுகள் கழித்துக் கதவைத் திறந்தபோதும் பெயர்ப்பலகையை மாற்றவில்லை. 2023ஆம் ஆண்டு சூலை இறுதியில் மலையக மக்களும் அவர்தம் நண்பர்களும் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு, முன்னோர் சென்ற வழியே, 16 நாட்கள் நடந்தனர். அந்நடையின் பதாகையில் மாண்புமிகு மலையக மக்கள் என்று எழுதியிருந்தது. மாண்புமிகு என்பது அமைச்சருக்கு உரிய அடைமொழி. கள்ள என்பதிலிருந்து மாண்புமிகு என்பதுவரை அடைமொழி கடந்துவந்த தொலைவு 252 கிலோமீற்றரினும் பெரிது.

இதற்கிடையில் மன்னார்க் கரையில் தோணிகளின் திசை மாறிவிட்டிருந்தது. 1958, 1977ஆம் ஆண்டுக் கலவரங்களில் அடிபட்ட மலையகத்தார் பலர் வவுனியா, கிளிநொச்சி, மன்னார் மாவட்டங்களில் வந்து குடியேறியிருந்தனர். 1983இன் பின் போர் மூண்டபோது அவர்களும், தலைமுறை தலைமுறையாகக் கரையில் வாழ்ந்த மன்னார் மக்களும், ஒரே படகில் நெருங்கி அமர்ந்து இராமேசுவரத்துக்குத் தப்பினர். போர் 2008 சூலையில் இலுப்பைக்கடவையையும் கடந்து சென்றது. அக்கரையில் இறங்கியோர் அகதிகள் எனப்பட்டனர். இந்தியாவில் 2003ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம், உரிய பயணச்சீட்டின்றி வந்தோரைச் சட்டவிரோதக் குடியேறிகள் என்று வகுத்து, பதிவினால் குடியுரிமை பெறும் வாயிலை அவர்களுக்கு அடைத்தது. இலங்கை நாடற்றோரைக் குடிகளாக ஏற்ற அதே ஆண்டு அது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இந்தியாவே ஏற்கவேண்டியிருந்த குடும்பங்களின் பிள்ளைகளும், படகில் வந்த காரணத்தால், முகாமில் அச்சொல்லின் கீழ் எழுதப்பட்டனர்.

அவ்வாறு எழுதப்பட்ட மலையகக் குடும்பங்கள் சில வழக்குத் தொடுத்தன. 2019 சூனில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்திய வம்சாவளியினரான அவர்களை மற்றச் சட்டவிரோதக் குடியேறிகளோடு ஒருங்கு வைத்தெண்ணலாகாது என்று கருதி, அவர்களது விண்ணப்பங்களை மத்திய அரசு பரிசீலிக்குமாறு பணித்தது. இலங்கையில் அவர்களை வெளியேற்றப் பயன்பட்ட அதே வம்சாவளி என்ற சொல் மதுரையில் அவர்களுக்குத் துணைநின்றது. 2021 ஆகத்தில் தமிழ்நாட்டு முதலமைச்சர் மு. க. சுடாலின், அகதிகள் முகாம் என்ற பெயர் இனி வேண்டாம், இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்றே வழங்குக என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். முகாம்களின் வாயிலில் இருந்த பலகைகள் புதிதாக எழுதப்பட்டன. உள்ளே மாலைதோறும் வருகைப் பதிவேட்டில் பெயர் கூப்பிட்டுச் சரிபார்த்த வழக்கத்தைப் பற்றி அப்பலகை ஒன்றும் கூறவில்லை.